வி4எல்2 கருவிகளில் தயார்நிலைக்காகக் காத்திருத்தல்: போல்() திரும்பினால் என்ன பொருள்?

படச்சுருள்

அனைவருக்கும் வணக்கம். ஒரு தொழிற்கூடத்தின் தரப் பரிசோதனை மேசைக்காக, லினக்ஸ் இயங்கும் சிறிய போர்டு கணினியில் சி மொழியில் ஒரு நிரல் எழுதி வருகிறேன். யுஎஸ்பி கேமரா ஒன்று யுவிசி-வீடியோ இயக்கியின் வழியாகப் படம் தருகிறது. முன்பு பதிவான எச்.264 கோப்புகளைத் திருப்பிப் பார்ப்பதற்குப் போர்டிலேயே உள்ள ஹார்டுவேர் டிகோடரைப் பயன்படுத்துகிறேன். அதுவும் லினக்ஸின் வீடியோ இடைமுகமான வி4எல்2-இன் கருவியாகவே தெரிகிறது. இரண்டு கருவிகளையும் ஒரே போல்() சுற்றில் (பல கருவிகளில் ஏதேனும் ஒன்று தயாராகும்வரை காத்திருக்கும் poll அழைப்பு) வைத்திருக்கிறேன்.

கேமராவில் 640×480 அளவு, வினாடிக்கு 30 ஃபிரேம், எம்மேப் முறையில் (கெர்னலின் நினைவகத்தை நிரலும் பகிர்ந்துகொள்வது) நான்கு பஃபர்கள், அதாவது படத்தை வைக்கும் நினைவக இடங்கள். போல்()-க்குக் கொடுத்துள்ள கால வரம்பு 50 மில்லிவினாடி. பகலில் குறையில்லாமல் ஓடுகிறது. மாலையில் வெளிச்சம் மங்கும்போது போல்() அடிக்கடி சுழியத்தை (வரம்புக்குள் எதுவும் வரவில்லை என்பதை) திருப்புகிறது; கேமரா நின்றுவிட்டது என்று நிரல் கருதி ஸ்ட்ரீமை மறுபடி தொடங்குகிறது. டிகோடரில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோப்பு ஓடி முடிந்ததும் சிபியு கோர் ஒன்று முழுமையாக நிரம்பிவிடுகிறது. நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் பார்த்தால், போல்() காத்திராமல் உடனே 1 என்று திரும்புகிறது, அடுத்து வரும், பஃபரைத் திரும்ப எடுக்கும் டிகியூ-பஃப் அழைப்பு ஈ-பைப் பிழையோடு தோற்கிறது, மீண்டும் போல்(), மீண்டும் ஈ-பைப்.

ஒரு கருவி தயாராக இருந்தும் இல்லை என்கிறது. இன்னொன்று தருவதற்கு ஒன்றுமில்லாமலே தயார் என்கிறது. வீடியோ கருவியைப் பொறுத்தவரை "தயார்" என்பதற்கு இயக்கி கொள்ளும் பொருள்தான் என்ன?

கெர்னல்வாசி

நண்பரே, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் இரண்டு சிக்கல்களுக்கும் விடை இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாக்கெட்டிலோ பைப்பிலோ தயார்நிலை என்றால், படிப்பதற்குப் பைட்டுகள் வந்து கிடக்கின்றன என்று பொருள். வி4எல்2 ஸ்ட்ரீமிங்கில் தயார்நிலை பஃபர்களின் கைமாற்றத்தைப் பற்றியது. கியூ-பஃப் அழைத்ததும் ஒரு பஃபர் உங்கள் கையைவிட்டு இயக்கியின் கைக்குப் போகிறது. கருவி அதை நிரப்பி முடித்ததும் முடிந்தவை வரிசையில் சேர்கிறது. டிகியூ-பஃப் அழைத்தால் அது உங்களிடம் திரும்பி வருகிறது. முடிந்தவை வரிசையில் குறைந்தது ஒரு பஃபராவது இருக்கிறது என்பதுதான் கேப்சர் கருவியில் போல்-இன் தரும் செய்தி. டிகோடரின் அவுட்புட் வரிசையில் போல்-அவுட் வந்தால், நீங்கள் கொடுத்த பஃபர் ஒன்றைக் கருவி படித்து முடித்துவிட்டது, அதைத் திரும்ப எடுத்து மறுபடி நிரப்பலாம் என்று பொருள்.

கெர்னலுக்குள் இது நடக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போல்() அழைத்ததும், பட்டியலிலுள்ள ஒவ்வொரு ஃபைல் டிஸ்கிரிப்டருக்கும் (திறந்த கருவியைக் குறிக்கும் எண்) அதற்குரிய இயக்கியின் போல் செயற்கூற்றைக் கெர்னல் அழைக்கிறது. அந்தச் செயற்கூறு உறங்குவதில்லை. போல்-வெய்ட் மூலம் உங்கள் செயலாக்கத்தை ஒரு காத்திருப்பு வரிசையில் பதிந்துவிட்டு, இந்தக் கணத்து நிலை என்ன என்பதைக் கொடிகளாகத் திருப்பித் தருகிறது. எந்தக் கருவியும் எதையும் தரவில்லையென்றால் மட்டுமே கெர்னல் உங்களை உறங்க வைக்கிறது. பிறகு ஃபிரேம் நிரம்பி இயக்கி பஃபரை முடித்து வைக்கும்போது, 2011-இல் 2.6.39 கெர்னலோடு வந்த வீடியோபஃப்2 அடுக்கு அந்தக் காத்திருப்பு வரிசையை எழுப்புகிறது. எழுந்தவுடன் கெர்னல் எல்லாக் கருவிகளிடமும் அதே கேள்வியை மீண்டும் கேட்கிறது. ஆகவே போல்() தருவது கேட்ட கணத்தின் நிலை மட்டுமே. அந்த நிலையை நீங்கள் மாற்றாதவரை, அதாவது பஃபரை எடுக்காதவரை அல்லது பிழையைத் தீர்க்காதவரை, அடுத்த முறையும் அதே விடைதான் உடனே வரும்.

இதனால்தான் போல்() வைத்திருந்தாலும் கருவியை ஓ-நான்பிளாக் கொடியோடு (அழைப்புகள் உறங்காமல் உடனே திரும்பச் செய்வது) திறக்கச் சொல்கிறோம். இரண்டு த்ரெட்கள் ஒரே கருவியில் காத்திருந்தால் இரண்டும் எழும். ஒன்று பஃபரை எடுத்துக்கொள்ளும், மற்றொன்றுக்கு, இப்போது எதுவும் இல்லை என்னும் ஈ-அகெய்ன் பிழை கிடைக்கும். அந்தக் கொடி இல்லையென்றால் இரண்டாவது த்ரெட், தான் எதிர்பாராத இடத்தில் உறங்கிவிடும்.

ஒளிவாங்கி

மாலை நேரச் சிக்கலுக்கு இயக்கியிலோ போல்()-இலோ காரணம் இல்லை. அது கேமராவின் எக்ஸ்போஷர் சார்ந்தது. வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. வெளிச்சம் குறைந்தால், தானியங்கி எக்ஸ்போஷர் சென்சரை அதைவிட நீண்ட நேரம் ஒளியில் வைத்திருக்க விரும்பும். அதற்கு அனுமதி இருந்தால் கேமரா தானாகவே ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் பாதியாகி 15-க்கு வந்தால் இடைவெளி சுமார் 67 மில்லிவினாடி ஆகிவிடும். உங்கள் 50 மில்லிவினாடி வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. டிகியூ-பஃப் தரும் அமைப்பில் ஒவ்வொரு பஃபருக்கும் நேரமுத்திரையும் வரிசை எண்ணும் இருக்கின்றன. வரிசை எண் ஒன்றொன்றாகவே ஏறிக்கொண்டிருக்க, நேரமுத்திரைகளின் இடைவெளி மட்டும் விரிந்தால், எந்த ஃபிரேமும் தொலையவில்லை, கேமராதான் மெதுவாகிறது என்று பொருள். அதன் பிறகு எக்ஸ்போஷர் டைனமிக் ஃபிரேம்ரேட் என்ற கட்டுப்பாட்டைச் சுழியமாக்கிப் பாருங்கள். பழைய கெர்னல்களில் அதன் பெயர் எக்ஸ்போஷர் ஆட்டோ பிரையாரிட்டி. வேகம் நிலையாக நிற்கும், ஆனால் படம் இருண்டோ புள்ளிபுள்ளியாகவோ வரும். பரிசோதனை மேசை என்பதால் இரண்டையும் விட நிலையான விளக்கு ஒன்றை வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ட்ரீம்-ஆன் அழைத்த பிறகு வரும் முதல் ஃபிரேமுக்குப் பல கேமராக்கள் சில நூறு மில்லிவினாடிகள் எடுத்துக்கொள்ளும். வரம்பு மீறியதும் மறுதொடக்கம் செய்யும் நிரல், அந்த மறுதொடக்கத்தாலேயே அடுத்த வரம்பையும் மீறும். கேமரா ஒருபோதும் நிலைபெறாது.

படச்சுருள்

இருவருக்கும் நன்றி. மாலையில் பதிவு செய்து பார்த்தேன். வரிசை எண்களில் இடைவெளியே இல்லை. நேரமுத்திரை வேறுபாடு 33-லிருந்து 66, 67 என்று மாறுவது தெளிவாகத் தெரிகிறது. கட்டுப்பாட்டைச் சுழியமாக்கியதும் நின்றுவிட்டது.

இருந்தாலும் இரண்டு ஐயங்கள். வரம்பை இரண்டு வினாடி என்று கூட்டிவிட்டால், கேமராவின் கம்பியை யாராவது பிடுங்கும்போது அதை அறிய இரண்டு வினாடி ஆகாதா? மற்றொன்று, நல்ல வெளிச்சத்திலேயே, நெடுநேரம் ஓடிய பிறகு, எந்தப் பிழையும் இல்லாமல் போல்() சுழியம் தருவதையும் இப்போது கண்டேன். அப்போது படத்தைப் பகுக்கும் த்ரெட் வேலை மிகுந்து பின்தங்கியிருந்தது.

நிரல்மேடை

> கம்பியை யாராவது பிடுங்கும்போது அதை அறிய இரண்டு வினாடி ஆகாதா?

ஆகாது. கருவி கழன்றால் இயக்கி தன் பஃபர்களைப் பிழையோடு முடித்துவைத்து, காத்திருப்போரை எழுப்புகிறது. கருவியின் பதிவு நீங்கியபின் போல்() அழைத்தால் போல்-எரர் (பிழை), போல்-ஹப் (இணைப்பு அறுந்தது) ஆகிய கொடிகள் உடனே வரும், டிகியூ-பஃப் ஈ-நோடெவ் (கருவி இல்லை) என்று சொல்லும். எனவே கால வரம்பைத் துண்டிப்பை அறியும் வழியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை. கருவி செருகப்பட்டே இருந்தும் மௌனமாகிவிட்ட அரிய நிலைக்காக மட்டும் அதை வைத்துக்கொண்டால் போதும், அதற்கு இரண்டு வினாடி பொருத்தமான அளவுதான். வி4எல்2 ஆவணத்தோடு வரும் மாதிரி கேப்சர் நிரலும், போல்()-ஐப் போன்ற பழைய அழைப்பான செலக்ட்()-க்கு இரண்டு வினாடியே கொடுக்கிறது.

இரண்டாவது ஐயத்துக்கு உங்கள் கடைசி வாக்கியமே விடை. பகுப்பாய்வு த்ரெட் பின்தங்கும்போது நான்கு பஃபர்களும் உங்கள் நிரலின் கையில் இருக்கின்றன. கேமரா படங்களை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அவற்றை வைக்க இயக்கியிடம் ஒரு பஃபரும் இல்லாததால் அவை கைவிடப்படுகின்றன. முடிந்தவை வரிசையில் எதுவும் சேர்வதில்லை, ஆகவே போல்() உறங்குகிறது. இங்கே பலரும் போல்-எரர் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். ஸ்ட்ரீம்-ஆன் செய்துவிட்டு ஒரு பஃபரையும் கொடுக்காமல் கேட்டால் கேப்சர் கருவியில் போல்-எரர் வரும் என்று ஆவணம் சொல்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் ஒரு முறை கியூ-பஃப் செய்த பிறகு, பஃபர்கள் எல்லாம் நிரலின் கையில் இருந்தாலும், வீடியோபஃப்2 அதைப் பிழையாகக் கொள்வதில்லை. இன்னொரு த்ரெட் அடுத்த கணமே ஒரு பஃபரைத் திருப்பிக் கொடுக்கக்கூடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலை, பட்டினி கிடக்கும் நிரலுக்குச் செய்தியே வராது என்பது.

ஆகவே எத்தனை பஃபர்கள் இயக்கியிடம் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை நிரலே வைத்திருக்க வேண்டும். அந்த எண் சுழியமாக இருக்கும்போது வரம்பு முடிந்தால் குற்றம் கேமராவுடையதன்று. தீர்வாக, படத்தைப் பகுக்கும் த்ரெட்டுக்கு பஃபரையே கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். 640×480 யுயிவி வடிவத்தில் (புள்ளிக்கு இரண்டு பைட்டு) ஒரு ஃபிரேம் 6,14,400 பைட்டுகள். அதை நகலெடுத்துவிட்டு பஃபரை உடனே கியூ-பஃப் செய்வது இன்றைய போர்டுகளுக்குப் பெரிய சுமையல்ல. நகலெடுக்க விருப்பமில்லையென்றால் பஃபர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, குறைந்தது இரண்டாவது எப்போதும் இயக்கியிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பகுப்பாய்வு பின்தங்கினால் பழைய ஃபிரேமை நீங்களே கைவிடுங்கள். கைவிடுவது யார் என்பது முக்கியம்: இயக்கி கைவிட்டால் பழைய படங்கள் உங்களிடம் தங்கிப் புதியவை தொலைகின்றன, நீங்கள் கைவிட்டால் புதிய படம் கிடைக்கிறது.

கெர்னல்வாசி

இனி டிகோடர். இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு வேலை செய்யும் இந்தக் கருவியில் ஒரே ஃபைல் டிஸ்கிரிப்டரின் பின்னால் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. சுருக்கப்பட்ட எச்.264 தரவை நீங்கள் கொடுப்பது அவுட்புட் வரிசையில், விரிந்த படத்தைப் பெறுவது கேப்சர் வரிசையில். பெயர்கள் நிரலின் பக்கத்திலிருந்து பார்த்து வைக்கப்பட்டவை. போல்-அவுட் முதல் வரிசையைப் பற்றியும், போல்-இன் இரண்டாவதைப் பற்றியும் பேசுகின்றன. இவற்றோடு போல்-பிரை கொடியும் உண்டு. நீங்கள் சந்தா செய்த நிகழ்வு ஏதேனும் காத்திருந்தால் அது எழும்.

உங்கள் எஸ்ட்ரேஸ் காட்டுவது கோப்பின் இறுதி நிலையை. டிகோடருக்கு நிறுத்தக் கட்டளை கொடுத்தபின் அது எஞ்சியிருந்த படங்களைத் தந்து, கடைசிப் பஃபரில் லாஸ்ட் என்ற கொடியை வைக்கிறது. அந்தப் பஃபரை நீங்கள் எடுத்த பிறகு கேப்சர் வரிசையில் எதுவும் வராது. அப்போது போல்() உறங்கினால் நிரல் என்றென்றும் காத்திருக்க நேரும் என்பதால், கெர்னல் வேண்டுமென்றே போல்-இன் தருகிறது. டிகியூ-பஃப் ஈ-பைப் தருகிறது. இது "இந்த ஓட்டம் முடிந்தது" என்ற செய்தி. உங்கள் நிரல் அதை ஈ-அகெய்ன் போலத் தற்காலிகமானதாக எடுத்துக்கொண்டு மறுபடி போல்()-க்குப் போவதால்தான் சுழற்சி. லாஸ்ட் கொடியைக் கண்டதும் கேப்சர் பக்கம் கேட்பதை நிறுத்துங்கள், அதாவது ஈவென்ட்ஸ் புலத்திலிருந்து போல்-இன்னை நீக்குங்கள். கேட்க எதுவுமே இல்லாதபோது ஃபைல் டிஸ்கிரிப்டரின் இடத்தில் எதிர்ம எண்ணை வைத்தால் போல்() அந்த உருப்படியைக் கவனிக்காது.

போல்-அவுட்டுக்கும் இதே ஒழுங்கு தேவை. முடிந்த அவுட்புட் பஃபர் வரிசையில் கிடக்க, நிரப்பத் தரவு இல்லை என்பதால் நீங்கள் அதை எடுக்காமல் விட்டால், ஒவ்வொரு போல்() அழைப்பும் உடனே திரும்பும். தரவு இல்லாவிட்டாலும் டிகியூ-பஃப் செய்து பஃபரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தரவு வரும்வரை போல்-அவுட்டைக் கேட்காதீர்கள். உண்மையிலேயே நுகரக்கூடியதை மட்டும் கேட்பது, வந்த ஒவ்வொரு கொடியையும் தீர்க்காமல் மறுபடி காத்திருக்காமல் இருப்பது, இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் சுற்று சீராக ஓடும்.

போல்-பிரையைச் சேர்க்க மறக்க வேண்டாம். எச்.264 தலைப்பைப் படித்ததும், அல்லது நடுவில் படத்தின் அளவு மாறியதும், டிகோடர் மூலமாற்ற நிகழ்வை அனுப்புகிறது. அப்போது கேப்சர் வரிசையை லாஸ்ட் கொடி வரும்வரை வடித்து, ஸ்ட்ரீம்-ஆஃப் செய்து, புதிய அளவில் பஃபர்களைப் பெற்று, மீண்டும் ஸ்ட்ரீம்-ஆன் செய்ய வேண்டும். இந்த நிகழ்வைக் கேட்காத நிரல், பிழையுமின்றிப் படமுமின்றி உறைந்து நிற்கும். நிகழ்வை டிகியூ-ஈவென்ட் மூலம் எடுக்கவும் வேண்டும்; எடுக்காவிட்டால் போல்-பிரை நிலையாக நின்று, அதுவும் சுழற்சியாகிவிடும்.

தறிநூல்

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று கேட்க விரும்புகிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு த்ரெட் வைத்து, ஓ-நான்பிளாக் இல்லாமல் டிகியூ-பஃப்பிலேயே உறங்கவிட்டால் கொடிகளைப் பற்றிய பேச்சே எழாது. பஃபர் வந்தால் அழைப்பு திரும்பும், அவ்வளவுதான். நான் பராமரிக்கும் நிரல்களில் இந்த முறைதான் படிப்பவருக்கு எளிதாகப் புரிகிறது.

நிரல்மேடை

தறிநூல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே கேமரா, ஒரே வேலை என்றால் நானும் அதையே செய்வேன். டிகியூ-பஃப்பில் ஒரு த்ரெட் உறங்கும்போது வீடியோபஃப்2 வரிசையின் பூட்டை விடுவித்துவிடுகிறது. ஆகவே இன்னொரு த்ரெட் கியூ-பஃப் அழைப்பதற்கு அது தடையாகாது.

ஆனால் அந்த முறையில் இரண்டு வசதிகளை இழக்கிறோம். டிகியூ-பஃப்பிற்குக் கால வரம்பு கொடுக்க வழியில்லை. மேலும் நிரலை நிறுத்தும்போது உறங்கும் த்ரெட்டை எழுப்ப, வேறொரு த்ரெட்டிலிருந்து ஸ்ட்ரீம்-ஆஃப் அழைத்து, உறங்கியவர் பிழையோடு எழுவதை நம்பியிருக்க வேண்டும். போல்() சுற்றில் ஈவென்ட்-எஃப்டி ஒன்றை (நிரலே தனக்குச் செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் ஃபைல் டிஸ்கிரிப்டர்) சேர்த்துவிட்டால், நிறுத்து என்ற செய்தி கேமராவின் ஃபிரேம் வரும் அதே வழியில் வந்து சேர்கிறது, யாரும் யாரையும் பிழை கொடுத்து எழுப்ப வேண்டியதில்லை. கேமரா, டிகோடர், நிறுத்தம் என்று மூன்றையும் எதிர்பார்க்கும் படச்சுருளின் நிரலுக்குப் போல்()-தான் பொருத்தம்.

சிக்னல் கையாளும் நிரல் என்றால் இன்னொன்று. சிக்னலால் தடைபட்ட அழைப்பைத் தொடரச் சொல்லும் எஸ்ஏ-ரீஸ்டார்ட் கொடியைக் கொடுத்திருந்தாலும் போல்() தானாக மறுபடி தொடங்காது. ஈ-இன்டர் பிழையோடு திரும்பும். மோனோடோனிக் கடிகாரத்தில் இறுதி நேரத்தைக் குறித்துவைத்து, எஞ்சிய நேரத்தைக் கணக்கிட்டு மீண்டும் அழையுங்கள். முழு வரம்பையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுத்தால், அடிக்கடி சிக்னல் வரும் நிரலில் அந்த வரம்பு முடியவே முடியாது.

தறிநூல்

நிறுத்தம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் இதே வேலையைச் செய்யும் மற்ற அழைப்புகளான செலக்ட்(), ஈபோல் இரண்டும்? பழைய எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் செலக்ட்()-இல்தான் இருக்கின்றன.

கெர்னல்வாசி

செலக்ட்() வேலை செய்யும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது. போல்-எரர் வந்தால் லினக்ஸின் செலக்ட்() அதைப் படிக்கலாம் என்றும் எழுதலாம் என்றும் காட்டுகிறது. விதிவிலக்குத் தொகுதியில் வருவது போல்-பிரை மட்டுமே. ஆகவே ஸ்ட்ரீம் தொடங்காத கேமராவும் செலக்ட்()-இல் ஃபிரேம் வந்த கேமராவைப் போலவே தெரியும். டிகியூ-பஃப் தோற்ற பிறகுதான் உண்மை தெரியும். 1024 என்ற எல்லையும் உண்டு. அந்த எண்ணையோ அதற்கு மேலான எண்ணையோ கொண்ட ஃபைல் டிஸ்கிரிப்டரை அதில் வைக்கவே கூடாது. புதிதாக எழுதும் எதற்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈபோலில் பழைய கெர்னல் வைத்திருப்போர் ஒரு குறையை அறிந்திருக்க வேண்டும். ஈபோல், கருவியைச் சேர்க்கும் நேரத்தில்தான் இயக்கியின் போல் செயற்கூற்றை அழைத்துக் காத்திருப்பு வரிசையில் பதிகிறது. முன்பு வீடியோபஃப்2, ஸ்ட்ரீம் தொடங்கவில்லை என்று கண்டால் போல்-வெய்ட் அழைப்பதற்கு முன்பே போல்-எரரைத் திருப்பிவிடும். விளைவு, ஸ்ட்ரீம்-ஆன் செய்வதற்கு முன் ஈபோலில் சேர்க்கப்பட்ட கேமரா, எந்த வரிசையிலும் பதியப்படாமல் போய், ஃபிரேம் வந்தாலும் எழுப்பாது. 2019-இல் போல்-வெய்ட்டை முதலில் அழைக்கும்படி இது திருத்தப்பட்டது. போர்டு தயாரிப்பாளர் கொடுத்த பழைய கெர்னலிலேயே நிற்பவர்கள் ஸ்ட்ரீம்-ஆன் செய்த பிறகே ஈபோலில் சேர்க்க வேண்டும். நிலை மாறும்போது மட்டும் எழுப்பும் விளிம்புத் தூண்டல் முறையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு எழுச்சியிலும் ஈ-அகெய்ன் வரும்வரை எடுத்துவிட வேண்டும் என்பது எல்லாக் கருவிகளுக்கும் உள்ள விதிதான்.

படச்சுருள்

டிகோடர் பக்கம் லாஸ்ட் கொடியையும் மூலமாற்ற நிகழ்வையும் சேர்த்துவிட்டேன், சுழற்சி நின்றுவிட்டது. துண்டிப்பு, இயக்கியின் உள் பிழை போன்றவற்றைக் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதிப்பது தொழிற்கூடத்தில் இயலாத காரியம். வேறு வழி உண்டா?

ஒளிவாங்கி

உண்டு, அதுவும் கெர்னலுக்குள்ளேயே. விவிட் என்ற மெய்நிகர் இயக்கி 2014-இல் 3.18 கெர்னலோடு வந்தது. அதை மாட்-புரோப் கட்டளையால் கெர்னலில் ஏற்றினால் உண்மையான கேமரா எதுவுமின்றி வண்ணப்பட்டைப் படம் தரும் வி4எல்2 கருவிகள் தோன்றும். அதன் கட்டுப்பாடுகளில் பிழை புகுத்துவதற்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது: கருவி துண்டிக்கப்பட்டது போல் நடிக்கச் செய்யலாம், குறிப்பிட்ட விழுக்காடு பஃபர்களைக் கைவிடச் செய்யலாம், பஃபரில் பிழைக்கொடியை வைக்கலாம், ஸ்ட்ரீமிங் முழுவதையும் மீளமுடியாத பிழை நிலைக்குத் தள்ளலாம். வி4எல்2-சிடிஎல் கட்டளையிலிருந்தே இவற்றை இயக்கலாம் என்பதால் தானியங்கிச் சோதனையிலும் சேர்த்துக்கொள்ளலாம். டிகோடருக்கு விகோடெக் என்ற இன்னொரு மெய்நிகர் இயக்கி 2018-இல் 4.19 கெர்னலில் சேர்ந்தது. அது எச்.264 அறியாது, தனக்கென எளிய சுருக்க முறை ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் வரிசைகளும் நிகழ்வுகளும் லாஸ்ட் கொடியும் உண்மையான டிகோடரைப் போலவே நடந்துகொள்ளும்.

கெர்னல்வாசி

விவிட்டில் அந்த மீளமுடியாத பிழையை முதலில் சோதியுங்கள், ஏனென்றால் உங்கள் மறுதொடக்கப் பகுதியின் வரிசைமுறை சரியா என்பதை அதுவே காட்டும். அந்த நிலையில் போல்() உடனே போல்-எரர் தரும்; கியூ-பஃப், டிகியூ-பஃப் இரண்டும் ஈ-ஐஓ தரும்; எத்தனை முறை முயன்றாலும் மாறாது. ஸ்ட்ரீம்-ஆஃப் அழைத்தால்தான் அந்தப் பிழைக்குறி நீங்கும். ஸ்ட்ரீம்-ஆஃப் எல்லாப் பஃபர்களையும் உங்கள் கைக்குத் திருப்பிவிடுவதால், அவை அனைத்தையும் மறுபடி கியூ-பஃப் செய்து, இயக்கியிடம் உள்ளவை எத்தனை என்று நிரல் வைத்திருக்கும் எண்ணிக்கையையும் அதற்கேற்பத் திருத்தி, அதன் பிறகே ஸ்ட்ரீம்-ஆன் அழைக்க வேண்டும். போல்-எரரோடு போல்-ஹப்பும் சேர்ந்து வந்தால் இந்த வழியில் இறங்காமல், கருவியை மூடிவிட்டு, கருவிகள் வருவதையும் போவதையும் அறிவிக்கும் யுடெவ் மூலம் அது மறுபடி தோன்றும்வரை காத்திருங்கள்.